முட்டம் கடலோர வீட்டில் பூத்த அலுமினியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே, கடற்கரைச் சாலையை ஒட்டி நிற்கும் இரண்டு மாடி வீடு. மொட்டை மாடியில் நின்றால் அலை உடைவது தெரியும். ஆனி, ஆடியில் சாரல் முகத்தில் அடிக்கும். வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்வந்து ஓய்ந்தவர், மகன்கள் இருவரும் கல்ஃபில். இரும்புக் கம்பி ஜன்னலும் மரக் கதவும் உப்புக்காற்றில் என்னவாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் புது வீட்டில் எல்லா ஜன்னலும் அலுமினிய ஸ்லைடிங், மாடி பால்கனிக்கும் அலுமினியக் கைப்பிடி என்று முடிவெடுத்தார்.

வீடு குடிபுகுந்து ஐந்தாண்டுகூட ஆகாத நிலையில் நான் பார்த்தது இது. கீழ்த்தளத்தின் இரண்டு ஜன்னல்களில் கீழ் டிராக் ஓட்டை விழுந்திருந்தது. ஷட்டரைத் தள்ளினால் பாதியில் நிற்கும். திருகு ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாகப் பூத்துப் பொங்கியிருந்தது. கழற்றப் போனால் தலை உடைந்து கையோடு வரும். பால்கனிக் கைப்பிடியில் மர நிறப் பவுடர் கோட்டிங்கின் அடியில் புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய கோடுகள். இரண்டு தூண்கள் அடியில், வெல்டிங்குக்குச் சற்று மேலே விரிசல் விட்டிருந்தன. சாய்ந்து நின்றால் கைப்பிடி ஆடியது. குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் பால்கனிக் கதவைப் பூட்டிவைத்துவிட்டார்கள்.

"அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தானே சார் வச்சானுவ" என்றார் வீட்டுக்காரர். வேலை செய்த ஃபேப்ரிகேட்டர் பையன் பில்லைக் கையோடு கொண்டுவந்திருந்தான். "நல்ல செக்‌ஷன்தான் சார், நான் ஏமாத்தல." செக்‌ஷன் என்பது அச்சில் தள்ளி எடுத்த அலுமினியச் சட்டம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே தீர்ப்பு சொல்லியிருந்தார்கள்: டூப்ளிகேட் மால், அதாவது போலிச் சரக்கு.

அந்தத் தீர்ப்பு ஜன்னல் விஷயத்தில் தப்பு, கைப்பிடி விஷயத்தில் சரி. ஒரே வீட்டில், ஒரே கடற்காற்றில், ஒரே பெயருள்ள உலோகம் இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஏன் என்று பார்க்க இந்த உலோகம் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆக்சிஜனிடமிருந்து பிடுங்கி எடுத்த உலோகம்

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம். உலோகங்களில் இதுதான் முதலிடம், இரும்புகூட அடுத்ததுதான். இந்த வீட்டின் முன்னால் கிடக்கும் கடற்கரை மணலில் சிவப்பாக மின்னும் கார்னெட் மணிகளுக்குள்ளும் அலுமினியம் உண்டு. ஆனால் அது சிலிக்காவோடு பிணைந்திருப்பதால் யாரும் அதிலிருந்து எடுக்கப் போவதில்லை. தொழிலுக்கு ஆகும் தாது பாக்சைட். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடு கட்ட வெட்டியெடுக்கும் வெட்டுக்கல் எப்படி உருவானதோ அப்படித்தான் பாக்சைட்டும்: வெப்பமண்டல மழை பல லட்சம் ஆண்டுகள் பாறையைக் கழுவி, கரைவதையெல்லாம் கொண்டுபோக, கரையாத இரும்பும் அலுமினியமும் மிஞ்சுகின்றன. இரும்பு மிகுந்தால் வெட்டுக்கல், அலுமினியம் மிகுந்தால் பாக்சைட்.

தாதுவிலிருந்து உலோகத்துக்கு இரண்டு கட்டம். முதல் கட்டம் பேயர் முறை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசப் பேயர் 1880களின் கடைசியில் உருவாக்கியது. அரைத்த பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தத்தோடு வேகவைப்பார்கள். அலுமினியம் கரைசலுக்குள் போய்விடும். இரும்பும் மற்றதும் கரையாமல் சிவப்புச் சேறாகத் தங்கிவிடும். தெளிந்த கரைசலைக் குளிர்வித்து, விதைப் படிகம் போட்டால் அலுமினிய ஹைட்ராக்சைடு வெளியே படியும். அதை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் அலுமினா என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். அலுமினியத்தைக் காஸ்டிக் கரைக்கும் என்ற இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலின் பக்கச் சட்டத்தில் நடந்ததும் அதேதான்.

அலுமினா 2,072 டிகிரியில்தான் உருகும். கரியைப் போட்டு எரித்து இரும்பை எடுப்பதுபோல் இதை எடுக்க முடியாது. ஆக்சிஜன்மேல் அலுமினியத்துக்கு அவ்வளவு பிடிப்பு. 1886ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள், 1914இல் இறந்தவர்கள் என்பது தற்செயல்தான். அவர்கள் கண்ட வழி: உருகிய கிரையோலைட் என்ற கனிம உப்பில் அலுமினாவைக் கரைத்தால் 960 டிகிரி வாக்கிலேயே வேலை நடக்கும். அதில் மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம் அடியில் சேரும். ஆக்சிஜன் மேலே தொங்கும் கரி ஆனோடை (நேர்மின் முனையை) எரித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போகும். ஒரு தொட்டிக்கு நான்கைந்து வோல்ட்தான், ஆனால் மின்னோட்டம் லட்சக்கணக்கான ஆம்பியர். ஒரு டன் உலோகத்துக்கு ஏறக்குறைய 2 டன் அலுமினா, அந்த அலுமினாவுக்கு 4 முதல் 5 டன் பாக்சைட், அரை டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கரி.

மின்சாரம் கிலோவுக்குச் சுமார் 14 யூனிட். எட்டு கிலோ எடையுள்ள ஒரு ஸ்லைடிங் ஜன்னலை எடுத்துக்கொண்டால், அதன் உலோகம் பிறக்க மட்டும் 110 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் 2016இல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக்கிய 100 யூனிட்டைவிட அது அதிகம். மின்சாரம் மலிவாகக் கிடைத்த இடத்தில்தான் இந்தத் தொழில் வேர்விட்டது. இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை 1943இல் இன்றைய கேரளத்தின் ஆலுவா அருகே அலுபுரத்தில் தொடங்கியதற்கு 1940இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் முக்கியக் காரணம். அப்போது நம் மாவட்டமும் ஆலுவா இருந்த அதே திருவிதாங்கூர் சமஸ்தானம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கொல்லிமலை, ஏற்காடு பாக்சைட்டை வைத்து மேட்டூரில் ஓடிய உருக்காலையும் 2008இல் நின்றுவிட்டது. இப்போது நாகர்கோவில் கடைகளில் அடுக்கியிருக்கும் செக்‌ஷன்களின் மூல உலோகம் பெரும்பாலும் ஒடிசா, சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம் பக்கம் உருகி வருவது, அல்லது ஸ்கிராப்பை மறுபடி உருக்கியது. மறுஉருக்கலுக்குப் புது உலோகத்துக்கு ஆகும் மின்சக்தியில் 5 சதவீதம் அளவே போதும் என்பதால் ஸ்கிராப்புக்கு எப்போதும் கிராக்கி.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த ஆக்சிஜனை அலுமினியம் மறப்பதில்லை. புதிதாக வெட்டிய பரப்பு காற்றுப் பட்ட நொடியிலேயே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிப்பு சில நானோமீட்டர்தான். இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். அலுமினிய ஆக்சைடோ உலோகத்தோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் மூடிவிடும். கீறினாலும் ஆக்சிஜன் இருந்தால் மறுபடி வளரும். "துருப்பிடிக்காது" என்று கடையில் சொல்வது முழுக்க இந்தத் தோலை நம்பித்தான். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் கணக்கில் 4க்கும் 8.5க்கும் இடையே அது நிலையாக இருக்கும். கொடம்புளி போட்ட மீன்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வது புளிப்புப் பக்கத்து எல்லைக்காக. சிமெண்ட் காரப் பக்கத்து எல்லையைத் தாண்டியது.

முதல் சந்தேகம்: மால் சரியா?

பழி யார்மேல் என்பதற்கு முன் இதைத் தீர்த்தாக வேண்டியிருந்தது. ஜன்னல் சட்டத்தில் ஒரு துண்டு, கைப்பிடித் தூணில் ஒரு துண்டு. இரண்டையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, மேலே ஒரு சொட்டுக் காஸ்டிக் கரைசல் விட்டோம். இரண்டிலும் நுரைத்தது. சில நிமிடம் கழித்துக் கழுவினால் ஜன்னல் துண்டில் வெளிறிய வெள்ளைத் தடம். கைப்பிடித் துண்டில் சாம்பல் கறுப்புக் கறை. தாமிரம், துத்தநாகம், சிலிக்கான் மிகுந்த கலவை என்றால் இப்படிக் கறுக்கும். பழைய உலோகக் கடைக்காரர்கள் ரகம் பிரிக்கப் பயன்படுத்தும் சுலபமான சோதனை இது. கண்ணும் கையும் பத்திரம்.

உறுதி செய்ய இரண்டையும் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்பட ஆய்வகத்துக்கு, கலவையில் எது எவ்வளவு என்று சொல்லும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பினோம். ஜன்னல் செக்‌ஷன் சுத்தமான 6063 ரகக் கலவை: சதவீதத்தில் மெக்னீசியம் 0.45 முதல் 0.9, சிலிக்கான் 0.2 முதல் 0.6, இரும்பு 0.35க்குள், தாமிரம் 0.10க்குள் என்ற வரம்புகளில் ஒன்றுகூட மீறவில்லை. பையன் பொய் சொல்லவில்லை. கைப்பிடியில் தாமிரம், துத்தநாகம், இரும்பு மூன்றும் எல்லை தாண்டியிருந்தன. கலப்பு ஸ்கிராப்பை உருக்கி, பிரித்தெடுக்காமல் அப்படியே தள்ளிய செக்‌ஷன் என்பது தெளிவு. கைப்பிடி மட்டும் வேறு கடையில், கிலோவுக்குக் குறைந்த விலையில் வாங்கியதாகப் பிறகு தெரிந்தது. அதை வாங்கச் சொன்னது வீட்டுக்காரரின் மைத்துனர். அந்தப் பேச்சில் நான் தலையிடவில்லை.

அலுமினியக் கலவைகளுக்கு நான்கு இலக்க எண் ஏன் என்று பையன் கேட்டான். முதல் இலக்கம்தான் குடும்பப் பெயர். 1இல் தொடங்கினால் 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம். மென்மை, மின்கடத்தல், துருத்தாங்கல் எல்லாம் உண்டு, பலம் இல்லை. 2 என்றால் தாமிரம். 1906இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம், தாமிரமும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தணித்துவைத்தால் சில நாளில் தானாகவே கடினமாகிறது என்று கண்டார். விமானக் கட்டுமானம் அதில்தான் எழுந்தது. ஆனால் கடற்கரையில் இந்தக் குடும்பம் தாங்காது. 3 மாங்கனீசு: பாத்திரம், கூரைத் தகடு. 5 மெக்னீசியம்: படகு, கப்பல் வேலைக்கான 5083, 5052 இதில்தான். 6இல் மெக்னீசியமும் சிலிக்கானும் சேரும். அச்சில் தள்ளி எந்த வடிவமும் எடுக்கலாம், பலமும் பரவாயில்லை, கடற்காற்றும் ஓரளவு தாங்கும். ஜன்னல், கதவு, கர்ட்டன் கம்பி எல்லாம் 6063. கடலோர மின்கம்பிகளில் இரும்பு நடுக்கம்பி இல்லாத முழு அலுமினியக் கலவைக் கம்பியை விரும்புவதும் இதனால்தான்; அது இதே குடும்பத்தின் 6201. 7 துத்தநாகம், 7075 போன்ற அதிபலக் கலவைகள். வார்ப்புக்கு வேறு கணக்கு: 12 சதவீதம் சிலிக்கான் உள்ள எல்எம்6 உப்பைத் தாங்கும், தாமிரம் கலந்த ஏடிசி12 அதற்கு இணை வராது. ஜன்னல் ரோலரின் கூடும் தாழ்ப்பாளும் பெரும்பாலும் இந்த இரண்டாம் ரக வார்ப்பு, இல்லாவிட்டால் துத்தநாக வார்ப்பு. அவை முதலில் பூக்கும்.

கெட்ட செக்‌ஷனில் தாமிரமும் இரும்பும் செய்யும் கேடு இதுதான். இவை அலுமினியத்துக்குள் முழுவதும் கரையாமல் நுண்ணிய துகள்களாக ஒதுங்கும். அந்தத் துகள்மேல் ஆக்சைடு தோல் சரியாக மூடாது. ஈரமும் உப்பும் சேர்ந்ததும் ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன பேட்டரியின் ஒரு முனை ஆகிவிடும். சுற்றியுள்ள அலுமினியம் கரையும். பவுடர் கோட்டிங்கில் ஒரு கீறல் இருந்தால் அங்கே தொடங்கி, தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து போகும். கைப்பிடியில் கண்ட புழுத் தடம் அதுதான். அழுக்கு நீக்கிக் குரோமேட் என்ற அடிப்பூச்சு பூசிப் பிறகு பவுடர் அடித்திருந்தால் இந்த ஊர்தல் வெகுவாகக் குறைந்திருக்கும். இங்கே வெறும் உலோகத்தின்மேல் அடித்திருந்தார்கள்: பவுடர் பாளமாக உரிந்து வந்தது, உட்புறம் பளபளவென்று இருந்தது.

தூண் விரிசல் விட்டது இன்னொரு கணக்கு. 6063இன் பலம் சூட்டில் வைத்து முதிர்வித்த பலம். அச்சிலிருந்து வந்ததும் காற்றில் தணித்து, 180 டிகிரி வாக்கில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால் மெக்னீசியமும் சிலிக்கானும் கண்ணுக்குத் தெரியாத மணிகளாகத் திரண்டு உலோகத்தைக் கடினமாக்கும். வெல்டிங் சூடு அந்த மணிகளைக் குலைத்துவிடும். வெல்டைச் சுற்றி ஓர் அங்குல அளவுக்குப் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கைப்பிடித் தூணில் அதிகபட்ச வளைவு விசை வருவதும் அடியில்தான். மெலிந்த இடமும் பாரம் விழும் இடமும் ஒன்றாகிவிட்டன. இரும்புக் கைப்பிடி செய்த அதே அளவில், அதே கேஜ் தடிப்பில் அலுமினியத்தில் செய்தால் ஆடத்தான் செய்யும்: எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று மகிழ்கிறோம், விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

நல்ல மால் ஏன் பூத்தது?

இனி ஜன்னல்கள். உலோகம் சரியென்றால் சேதம் எங்கிருந்து? வீட்டைச் சுற்றி வந்து பார்த்தபோது முதலில் குழப்பியது, கடலைப் பார்த்த மேற்குச் சுவரின் மாடி ஜன்னல் நன்றாக இருந்ததுதான். சாரல் நேராக அடிப்பது அதன்மேல். போர்ட்டிகோவுக்குள் ஒதுங்கி நின்ற ஜன்னலோ மோசம். தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் நடைமுறை. வெளியே இருப்பதை மழை கழுவிக்கொண்டே இருக்கிறது. ஒதுங்கியதில் உப்பு படிந்தபடியே இருக்கும். இரவு ஈரத்தில் அந்த உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு கசியும், பகலில் காயும், மறுபடி கசியும். கடல்நீரின் பிஎச் 8 சொச்சம். அது தோலைக் கரைக்காது. குளோரைடு அயனிதான் வில்லன். தோலில் பலவீனமான புள்ளியில் நுழைந்து குழி பறிக்கும். குழிக்குள் ஆக்சிஜன் போகாது, தோல் மறுபடி வளர வழியில்லை, உள்ளே அமிலத்தன்மை ஏறும். வெளியே தெரியும் வெள்ளைப் பொடியைச் சுரண்டினால் அடியில் கறுத்த ஊசிப்புள்ளி. அதில் ஊசியை விட்டால் சில இடங்களில் மறுபக்கம் வந்தது.

கீழ் டிராக்கின் கதை இதன் தொடர்ச்சி. ஸ்லைடிங் ஜன்னலின் அடிச் சட்டத்தில் தண்ணீர் வடிய வெளிப்பக்கம் ஓட்டை இருக்க வேண்டும். இங்கே இருந்தது, பூச்சு முடித்த கொத்தனார் சிமெண்டும் பட்டியும் வைத்து அதை நன்றாக அடைத்திருந்தார். மணலும் உப்புநீரும் டிராக்கிலேயே தேங்கி நின்றன.

அனோடைஸ் தடிப்பை மீட்டர் வைத்துப் பார்த்தோம். எங்கும் 10 மைக்ரானை எட்டவில்லை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அனோடைஸ் என்பது இயற்கையான தோலையே மின்சாரத்தால் தடிப்பாக வளர்ப்பது: கந்தக அமிலத் தொட்டியில் செக்‌ஷனை ஆனோடாகத் தொங்கவிட்டு, பதினைந்து வோல்ட் அளவில் மின்சாரம் பாய்ச்சி, கடைசியில் கொதிநீரில் நுண்துளைகளை அடைப்பார்கள். கடலோரத்துக்கு 20 முதல் 25 மைக்ரான் வேண்டும். இயற்கைத் தோலைப்போல் ஐயாயிரம் மடங்கு அது. அதற்குத் தொட்டியில் ஒரு மணி நேரம் வாக்கில் வைக்க வேண்டும், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்குப் போதும் என்ற மெல்லிய பூச்சுக்குச் சில நிமிடம் போதும். இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளி நிறம். கடையில் கேஜ் கேட்கிறோம், எடை கேட்கிறோம், மைக்ரான் கேட்பதில்லை. இந்தியத் தரநிலை ஐஎஸ் 1868 அனோடைஸ் தடிப்பை வகை பிரித்தே வைத்திருக்கிறது.

திருகுகள். காந்தத்தை நீட்டினால் டப்பென்று ஒட்டின. துருப்பிடிக்காத 304 ரகம் இப்படி ஒட்டாது; லேசாக இழுக்கும், அவ்வளவுதான். இவை துத்தநாகம் பூசிய இரும்புத் திருகுகள். பூச்சு கரைந்தபின் இரும்பு வெளியே தெரிந்து, உப்பு ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் நேருக்கு நேர். வேறுபட்ட இரண்டு உலோகம் ஒரே உப்புநீரில் தொட்டால், உலோகங்களைக் கரையும் எளிமைப்படி அடுக்கிய மின் ஏணியில் கீழே இருப்பது கரைந்து மற்றதைக் காக்கும். இதை விளக்கத் தொடங்கியபோது வீட்டுக்காரரே குறுக்கிட்டார்.

"வள்ளத்து எஞ்சினுக்கு அடியில வெள்ளைக் கட்டி ஒண்ணு வச்சிருப்பமே சார். அது அரிச்சுப் போனா மாத்துவோம். அதா?"

"அதேதான் அண்ணே. எஞ்சின் கூடு அலுமினியம், கட்டி துத்தநாகம். துத்தநாகம் கீழே, அது செத்து எஞ்சினைக் காப்பாத்துது."

"அப்போ இங்க?"

"இங்க ஜன்னல்தான் அந்தக் கட்டி."

அவர் பையனைப் பார்த்தார். "மக்கா, இத உனக்கு யாரும் சொல்லல்லியாடே?" ஃபேப்ரிகேட்டர்கள் பெரும்பாலும் வேலையோடு வேலையாகக் கற்றவர்கள். செக்‌ஷனை வெட்டி, மூலையை இணைக்கும் கிளீட் போட்டு, சதுரம் பிடிப்பதில் இவன் கை சுத்தம். மூலைகள் இன்றும் இறுக்கமாக இருக்கின்றன.

பக்கச் சட்டங்களைக் கழற்றியபோது சுவரைத் தொட்டிருந்த முகம் முழுக்கச் சொரசொரப்பாக, வெண்சாம்பல் படிந்து அரித்திருந்தது. ஈரச் சிமெண்டின் பிஎச் 12க்கு மேல். பேயர் முறையில் தொழிற்சாலை வேண்டுமென்றே செய்வதைச் சாந்து இங்கே கேட்காமல் செய்திருந்தது: காரம் தோலைக் கரைத்து, அடுத்து உலோகத்தையும் கரைத்து, ஹைட்ரஜனை வெளியே விடும். இப்போது நம்மூரில் பரவலாகிவரும், சுவர் கட்டும் வெள்ளை ஏஏசி பிளாக் எடை குறைவாக இருப்பதும் இதே வினையால்தான். சிமெண்ட், சுண்ணாம்புக் கலவையில் அலுமினியத் தூள் போடுவார்கள், எழும் ஹைட்ரஜன் குமிழிகள் பிளாக்கை உப்பவைக்கும். ஜன்னலுக்கு அந்த உப்பல் வேண்டாம். சாந்து காய்ந்ததும் வினை நின்றுவிடும், ஆனால் அதற்குள் அனோடைஸ் போய்விட்டிருக்கும். அடுத்த மழையில் சுவர் ஈரமானால் மீதி நடக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளியும் விடவில்லை. மூன்று மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் இல்லாதபோது மூலையில் சிலிக்கான் பிளந்து தண்ணீருக்கு வழிவிட்டது.

ஒரே ஒரு ஜன்னல் மட்டும் இந்தக் காரணங்களுக்குள் அடங்கவில்லை. கிழக்குப் பக்கம், கடல்காற்று நேராகப் படாத இடம். திருகுகளும் பரவாயில்லை. ஆனால் மேல் சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நெருக்கமாகக் குழிகள், அங்கிருந்து கீழே ஒரே நேர்கோட்டில் இறங்கி அடிச் சட்டம்வரை. அண்ணாந்து பார்த்தால் காரணம் தெரிந்தது: மாடி அறை ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவரோடு முடிந்து, சொட்டுச் சொட்டாக இந்த ஜன்னல்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏசிக்குள் குளிர்ந்து வடியும் தண்ணீர் தாமிரக் குழாய்களைத் தொட்டு வருகிறது. அதில் கரைந்த தாமிரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தாமிர அயனி அலுமினியத்தின்மேல் விழுந்ததும் உலோகத் தாமிரமாகப் படிந்துவிடும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் சின்ன பேட்டரியின் ஒரு முனையாக, குழி பறிக்கும் கேத்தோடாக ஆகிவிடும். தாமிரமும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளவே வேண்டாம், தாமிரத்தை நனைத்த தண்ணீர் போதும். குழிகளில் ஒன்றிரண்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் செம்புச் சாயல் தெரிந்தது.

என்ன செய்தோம்

கைப்பிடியைப் பழுது பார்க்கப் பேச்சே இல்லை, முழுவதும் கழற்றினோம். ஜன்னல்களில் ஓட்டை விழுந்த கீழ் டிராக்குகளையும் அரித்த பக்கச் சட்டங்களையும் மட்டும் மாற்றினோம், ஷட்டர்கள் அப்படியே. புதுச் சட்டங்களுக்கு 25 மைக்ரான் அனோடைஸ் கேட்டு வாங்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பொருத்தினோம். சுவரைத் தொடும் முகத்துக்குப் பிட்டுமன் பெயிண்ட், அதன்மேல் பிவிசி டேப். சட்டத்தைச் சுற்றி இடைவெளி விட்டு, நியூட்ரல் ரகச் சிலிக்கான். வினிகர் வாசம் அடிக்கும் மலிவு ரகம் அமிலத்தை வெளிவிடும் என்பதால் அது வேண்டாம் என்றோம்.

திருகுகள் 316 ரகம், ஒவ்வொன்றுக்கும் நைலான் வாஷரும் குழல் உறையும். ஸ்டெயின்லெஸ் என்றாலே பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை. மின் ஏணியில் அது இரும்பைவிட மேலே இருக்கிறது. சின்னத் திருகு, பெரிய அலுமினியப் பரப்பு என்பதால் சேதம் பரவிக் குறையும், அவ்வளவே. தலைகீழாக, பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் ஓராண்டுகூடத் தாங்காமல் போகலாம். நைலான் உறை போட்டால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

வடிகால் ஓட்டைகளைத் துளையிட்டுத் திறந்தோம். ஏசித் தண்ணீரைப் பிவிசி குழாயில் தரைவரை இறக்கினோம். பராமரிப்புக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னோம்: போர்ட்டிகோ ஜன்னல்களையும் மழை படாத மூலைகளையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுவது. சோப்புத் தண்ணீர் போதும். குளியலறை ஆசிட்டும் சலவை சோடாவும் ஆகாது. வள்ளம் கரையேறியதும் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவிய கைக்கு இது புதிதல்ல, அவரே செய்துவிடுகிறார்.

அடுத்த ஆடிச் சாரல் முடிந்தபின் பார்த்தபோது புதுச் சட்டங்களில் திருகைச் சுற்றி எந்தப் பூப்பும் இல்லை. டிராக்கில் மணல் இருந்தது, தண்ணீர் இல்லை. மாற்றாமல் விட்ட ஷட்டர்களின் ரோலர் கூடுகளில் மட்டும் வெள்ளை தலைகாட்டத் தொடங்கியிருந்தது; ஏடிசி ரக வார்ப்பு, எதிர்பார்த்ததுதான். நைலான் கூடுள்ள ரோலர் கிடைத்தால் மாற்றச் சொல்லியிருக்கிறேன். செலவு யார் தலையில் என்பதை இரண்டு தரப்பும் பேசிப் பாதி பாதியாக முடித்துக்கொண்டார்கள்.

கழற்றிய கைப்பிடி நாகர்கோவிலில் பழைய உலோகக் கடைக்குப் போனது. பவுடர் ஒட்டியிருந்ததாலும், காஸ்டிக் விட்டதும் கறுத்ததாலும், ஜன்னல் துண்டுகளுக்குக் கொடுத்த விலையைவிடக் குறைத்தே கொடுத்தார்கள். புதுக் கைப்பிடி இன்னும் வரவில்லை. தூண்களை வெல்டு செய்யாமல் வார்ப்பு அடித்தட்டில் சொருகி போல்ட் போடும் வடிவம், தடித்த 6063, 25 மைக்ரான் அனோடைஸ் என்று கேட்டதும் உள்ளூர்க் கடைக்காரர் கையை விரித்துவிட்டு வெளியூருக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். அதுவரை பால்கனிக் கதவு பூட்டித்தான் இருக்கும்.